கேம்பர் வேனுக்கு இயற்கை இன்சுலேஷன்: சென்னையின் வெயிலையும் புழுக்கத்தையும் எது தாங்கும்?

பழைய ட்ராவலரையோ விங்கரையோ வாங்கி, உள்ளே படுக்கையும் சிறு சமையல் மேடையும் அமைத்து வீட்டு வண்டியாக மாற்ற நினைப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷனாக, வெளித் தகட்டுக்கும் உள் பலகைக்கும் நடுவே எதை வைப்பது? ஐரோப்பியக் காணொளிகள் செம்மறி ஆட்டுக் கம்பளியைப் புகழ்கின்றன. பாட்டில் மூடி செய்யும் கார்க் தான் சிறந்தது என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. பொள்ளாச்சியில் மலைபோல் தென்னை நார் குவிந்திருக்கும்போது வெளிநாட்டுச் சரக்கு எதற்கு என்று வீட்டுப் பெரியவர் கேட்கிறார். மூன்றுமே நியாயமான பேச்சுதான். ஆனால் குளிருக்காகச் சொல்லப்பட்ட யோசனையைச் சென்னை வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொண்டால், இரண்டு மழைக்காலத்துக்குள் பலகைக்குப் பின்னால் பூஞ்சையும் துருவும் சேர்ந்துவிடும். அதனால் பொருள்களுக்குப் போவதற்கு முன், எதை வைத்து அவற்றை எடைபோட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் வெப்பம். கடையில் எல்லோரும் கேட்பது இதைத்தான். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது இது அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் அடர் நிறக் கூரைத் தகடு நண்பகலில் 65 டிகிரியைத் தாண்டும். வெறும் தகடாக இருந்தால், உள்ளே 30 டிகிரி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 வாட் வெப்பம் உள்ளே இறங்கும். 8 சதுர மீட்டர் கூரைக்கு 1,600 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பமே சுமார் 3,500 வாட்தான். ஏறக்குறைய பாதி ஏசி கூரைக்கே போய்விடுகிறது. அதே கூரைக்கு அடியில் 25 மில்லிமீட்டர் இயற்கை நார் எதையாவது வைத்தால், இறங்கும் வெப்பம் 320 முதல் 420 வாட்டுக்குள் அடங்கிவிடும்.

கவனியுங்கள்: எதை வைத்தாலும் பெரும் பலன் கிடைக்கிறது. நல்ல பொருளுக்கும் சுமாரான பொருளுக்கும் இடையில் மொத்தக் கூரைக்கே வித்தியாசம் 100 வாட் அளவுதான். வண்டிக்குள் கூடுதலாக ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் உடலிலிருந்து வெளிவரும் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே வெப்பம் கடத்தும் எண்ணை மட்டும் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை.

தீர்மானிப்பது ஈரம். குளிர்நாட்டில் உள்ளே இருப்பவர்களின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகின்றன. அதைத் தடுக்க அவர்கள் உட்புறமாக ஒரு பாலித்தீன் தாளை ஒட்டுகிறார்கள். சென்னையில் கதை தலைகீழ். கோடையிலும் ஆடி, ஆவணியிலும் இங்கே காற்றின் பனிநிலை 24 முதல் 26 டிகிரி வரை இருக்கும். அந்த வெப்பத்துக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பில் காற்று பட்டாலும் நீர் கட்டும். வண்டிக்குள் ஏசியை 22 டிகிரியில் ஓட விடுகிறீர்கள். கதவிடுக்கு, அடிப்பக்கத் துளைகள் வழியாக வெளிக்காற்று சுவரின் உட்குழிக்குள் நுழைகிறது. உட்புறம் பாலித்தீனோ ரெக்சினோ ஒட்டியிருந்தால் அதன் முதுகுப்புறம் வியர்க்கும். அந்த நீர் போக வழியில்லை, நாருக்குள்தான் இறங்கும். எனவே சென்னை வண்டிக்கு உள் மறைப்பு மூச்சுவிட வேண்டும்: துணி ஒட்டிய ஒட்டுப்பலகை, மெல்லிய மரச் சட்டங்கள், பிரம்புத் தட்டி போன்றவை. உட்புறப் பாலித்தீன் வேண்டவே வேண்டாம்.

அதே வண்டி டிசம்பரில் ஊட்டிக்குப் போனால், குளிர்நாட்டுச் சிக்கல் அப்படியே வந்துசேரும். நான்கு பேர் கதவை மூடிக்கொண்டு உறங்கினால் விடியும்போது தகடு உட்புறமாக வியர்த்திருக்கும். இரண்டு திசையிலிருந்தும் ஈரம் வரும் வண்டி இது என்பதை நினைவில் வையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குலுக்கலில் பொருள் சரிந்து கீழே அடையக் கூடாது. மேலே வெற்றிடம் விழுந்தால் அங்கே இன்சுலேஷன் இல்லை. தீ சட்டென்று பற்றக் கூடாது. பேட்டரி, இன்வெர்ட்டர், கேஸ் அடுப்பு மூன்றும் ஒரே கூண்டுக்குள் இருக்கின்றன. எலி கூடுகட்ட ஆசைப்படாத பொருளாக இருந்தால் நல்லது. எடையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் வண்டியின் வெற்று எடை பதிவுச் சான்றில் எழுதப்பட்டிருக்கிறது. கடைசியாக, கெட்டுப்போனால் கழற்றி மாற்ற அதே பொருள் மறுபடியும் கிடைக்க வேண்டும்.

| பொருள் | வெப்பம் கடத்தும் அளவு (வாட்/மீ.கெ.; குறைந்தால் நல்லது) | 20 சதுர மீட்டருக்கு 25 மி.மீ. எடை | ஈரத்தில் | குலுக்கலில் | தீயில் |
|---|---|---|---|---|---|
| தென்னை நார் விரிப்பு | 0.040–0.050 | 30–40 கிலோ | அழுக நாளாகும், ஆனால் உலர வேண்டும் | நிற்கும் | எரியும் |
| ஆட்டுக் கம்பளி | 0.035–0.040 | 10–15 கிலோ | நிறைய உறிஞ்சும், திருப்பித் தரும் | தைத்தால் நிற்கும் | எளிதில் பற்றாது |
| விரிவாக்கிய (சூட்டில் உப்பவைத்த) கார்க் பலகை | 0.037–0.042 | 50–60 கிலோ | ஏறக்குறைய பாதிப்பில்லை | அசையாது | மெதுவாகக் கருகும் |
| இலவம்பஞ்சு | 0.035–0.040 | 10–15 கிலோ | நீர் ஒட்டாது | அடைந்துவிடும் | மிக வேகமாகப் பற்றும் |
| கழிவுப் பருத்தி | 0.038–0.044 | 10–20 கிலோ | நனைந்தால் பூஞ்சை | அடையும் | கனன்றுகொண்டே இருக்கும் |

## தென்னை நார்

நம் ஊர்ப் பொருள் என்ற பாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் இதற்கு வலுவான காரணங்கள் உண்டு. மற்ற நார்களைவிட இதில் லிக்னின் என்ற, மரத்துக்கு உறுதி தரும் பொருள் மிக அதிகம். பத்தில் நான்கு பங்கு அதுதான். அதனால்தான் மண்ணில் புதைத்த கயிறுகூட நாள் கடந்து நிற்கிறது. விறைப்பான நார் என்பதால் வண்டி எவ்வளவு குலுங்கினாலும் சரிவதில்லை. பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் சுருள் சுருளாக வாங்கலாம். ஒரு பலகையைக் கழற்றி ஒரு துண்டை மட்டும் மாற்றுவதும் எளிது. தகட்டின் அதிர்வொலியையும் நன்றாக அடக்கும். மழையில் கூரை எழுப்பும் இரைச்சல் பாதியாகக் குறைந்ததுபோல் காது உணரும்.

ஆனால் கடையில் 'கயர் ஷீட்' என்று கேட்டால் பெரும்பாலும் மெத்தைக்கான ரப்பர் சேர்த்த கயரைத்தான் தருவார்கள். இங்கேதான் மறைந்திருக்கும் செலவு. அதில் நாரைப் பிணைப்பது இயற்கை ரப்பர் பால். 70 டிகிரிக்கு அருகில் நாள்தோறும் வெந்துகொண்டிருந்தால் இயற்கை ரப்பர் இறுகி, நொறுங்கத் தொடங்கும். மெத்தைக்குள் பத்தாண்டு உழைக்கும் பொருள் மே மாதக் கூரைத் தகட்டில் நேரடியாக ஒட்டப்பட்டால் பொடியாக உதிரும். ரப்பர் எரியும்போது தரும் கரும்புகையும் கவலைக்குரியது. கூரைக்கு ரப்பர் சேர்க்காமல் ஊசியால் குத்திப் பின்னிய நார் விரிப்பைக் கேளுங்கள். தொட்டிச் செடிகளுக்கும் மண்ணரிப்புத் தடுப்புக்கும் இதைத் தயாரிக்கிறார்கள். ரப்பர் கயரைச் சுவரின் கீழ்ப்பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று உப்பு. நாரோடு ஒட்டிவரும் நார்த்தூளில் இயல்பாகவே உப்புகள் இருக்கின்றன. மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் அந்தத் தூளைப் பலமுறை அலசிவிட்டுப் பயன்படுத்துவது இதனால்தான். ஈரமும் உப்பும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூள் உதிராத, அலசிய நார் என்று பார்த்து வாங்குங்கள். நார் தகட்டைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு, மரச் சட்டத்தில் பிடித்து நிறுத்துங்கள். இந்த இடைவெளிக்காகத் தலைக்கு மேல் 10 மில்லிமீட்டர் உயரம் போகும். அதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

## ஆட்டுக் கம்பளி

கம்பளியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அது அருமையான பொருள். தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை நீராவியை உள்வாங்கியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. சுற்றுக்காற்று உலர்ந்ததும் அதைத் திருப்பித் தந்துவிடும். தீ எளிதில் பற்றாது, பற்றினாலும் பரவாமல் அணையும். ஐரோப்பியர்கள் அதை விரும்புவதில் வியப்பில்லை.

சிக்கல் 'சுற்றுக்காற்று உலர்ந்ததும்' என்ற அந்தச் சொற்களில் இருக்கிறது. சென்னையில் காற்று எப்போது உலர்கிறது? காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போதே கம்பளி தன் எடையில் 16 சதவீதம் நீரைச் சுமந்திருக்கும். இங்கே காலை நேரங்களில் ஈரப்பதம் 80-ஐத் தொடுவது வழக்கம். வடகிழக்குப் பருவமழையின்போது நாள் முழுவதும் அதே நிலைதான். வண்டியை வாரக்கணக்கில் அடைத்து நிறுத்தினால் உள்ளே கம்பளி வாடை நிறைந்துவிடும். கோடையில் ஏசி போட்டு ஓட்டுபவருக்குப் பிழைத்துப்போகும். எப்போதாவது மட்டும் வண்டியை எடுப்பவருக்கு இது தொல்லை.

அந்துப்பூச்சி அடுத்தது. கம்பளியையும் பட்டுத் துணியையும் தின்னும் அந்து நம் வீட்டு அலமாரிகளிலேயே குடியிருக்கிறது. அதனால் இன்சுலேஷனுக்கான கம்பளியை வெண்காரக் கரைசலில் நனைத்து உலர்த்துகிறார்கள். வெண்காரம் நைனியப்ப நாயக்கன் தெருவில் மூட்டையாகவே கிடைக்கும். ஆனால் நாமே செய்வதென்றால் நார் முழுவதும் சமமாக ஊறி, நல்ல வெயிலில் முழுமையாக உலர வேண்டும். கையுறையும் முகமூடியும் இல்லாமல் செய்யக் கூடாது. ஒருமுறை மழைநீர் கசிந்து கம்பளியை அலசிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் கரைந்து போய்விடும்.

கிடைப்பதும் கடினம். தமிழ்நாட்டின் மேச்சேரி ஆடு கம்பளி தருவதில்லை, அதற்கு வளர்வது குட்டை முடிதான். மென்கம்பளி தரும் நீலகிரி ஆட்டினம் மிகக் குறைவான எண்ணிக்கையில்தான் எஞ்சியிருக்கிறது. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் காத்து வளர்க்கிறார்கள். கோயம்புத்தூர் இனத்தின் முரட்டுக் கம்பளியும் தக்காணத்து முரட்டுக் கம்பளியும் இன்சுலேஷனுக்குப் போதுமானவை. உண்மையில் நெசவுக்கு விலைபோகாத அந்த முரட்டு நாருக்கு இப்படியொரு பயன் அமைந்தால் மேய்ப்பவர்களுக்கும் நல்லது. ஆனால் கழுவி, வாரி, விரிப்பாகத் தைத்த நிலையில் சென்னையில் கடைக்குப் போய் வாங்கும் பொருளாக அது இன்னும் வரவில்லை. அழுக்கு நீக்காத கம்பளியை வாங்கி நீங்களே கழுவுவதென்றால், தண்ணீர்ச் செலவும் நாட்களும் கொழுப்பு நாற்றமும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

மலையே கதி என்று வண்டி கட்டுபவர்களுக்கு இது எல்லாவற்றையும் தாண்டித் தகுதியான பொருள். கொடைக்கானல், ஊட்டி, வால்பாறை என்று ஆண்டின் பெரும்பகுதி சுற்றுபவரின் தகடு உட்புறமாகத்தான் வியர்க்கும். அங்கே அந்த ஈரத்தை வாங்கி, பகல் வெயிலில் விட்டுவிடக் கம்பளிக்கு இணை வேறில்லை.

## கார்க்

கார்க் ஓக் மரத்தின் பட்டை இது. மரத்தை வெட்டாமல் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். உலக விளைச்சலில் ஏறத்தாழ பாதி போர்ச்சுகலில். மூடிய நுண்ணறைகளால் ஆனதால் நீர் உள்ளே புகுவதில்லை. அந்து தின்னாது, எலிக்கும் அதில் சுவையில்லை, குலுக்கலில் அசையாது. தகட்டில் நேரடியாக ஒட்டலாம் என்பதுதான் இதன் பெரிய வலிமை. இடைவெளி வேண்டாம், சட்டம் வேண்டாம், ஈரக் காற்று தகட்டைத் தொடவே வழியில்லை. தரைக்கு இதைவிடப் பொருத்தமானது இந்தப் பட்டியலில் இல்லை. மேலே ஆள் நின்றாலும் நசுங்காது.

அப்படியானால் எல்லோரும் கார்க்கே வாங்கலாமே? விலைதான் தடை. வரும் வழியெல்லாம் கப்பல் கட்டணம். அதோடு பாரிமுனைப் பக்கம் சுலபமாகக் கிடைப்பது கேஸ்கெட்டுக்கும் அறிவிப்புப் பலகைக்குமான மெல்லிய தாள். அது தூளைப் பிசினோடு கலந்து அழுத்திய வகை. அட்டவணையில் சொன்ன விரிவாக்கிய பலகையைவிட அடர்த்தியானது, கனமானது. 25 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் பல தாள்களை அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் பசை. பசைதான் இங்கே மறைந்திருக்கும் செலவு. செருப்புக் கடையிலும் சீட் தைக்கும் கடையிலும் பயன்படுத்தும் ரப்பர் சொல்யூஷன் கூரை வெப்பத்தில் இளகி, ஒரு கோடை மதியத்தில் பலகையை அப்படியே கீழே விட்டுவிடும். அதன் கரைப்பான் நெடியும் அடைத்த வண்டியில் வாரக்கணக்கில் நிற்கும். இயற்கைப் பொருள் வேண்டும் என்று தேடிப்போய் நெடியைச் சுவாசிப்பதா? உயர் வெப்பம் தாங்கும் நீர் சார்ந்த பசையைக் கேட்டு வாங்குங்கள். கூரையில் அதோடு மெல்லிய மரச் சட்டங்களும் வைத்துத் தாங்குங்கள். விரிவாக்கிய பலகை வளைவுகளில் உடையும் என்பதால் கூரை ஓரங்களில் மெல்லிய தாள்தான் வசப்படும்.

## இலவம்பஞ்சு, பருத்தி, சணல்

போடிநாயக்கனூர் இலவம்பஞ்சின் மேல் நம்மவர்களுக்கு உள்ள பற்று புரிகிறது. உள்ளீடற்ற, மெழுகு பூசியதுபோன்ற நார், தண்ணீர் ஒட்டாது. ஒரு காலத்தில் உயிர்காப்பு உடைகளுக்குள் அடைத்தார்கள். தலையணைக்கு இதுவே உத்தமம். வண்டிச் சுவருக்கு வேண்டாம். ஒரு பொறி போதும், நெருப்பு நொடியில் ஓடும். சென்னையிலிருந்து திருச்சி போய்த் திரும்புவதற்குள் பாதி அடைந்தும்போகும்.

திருப்பூர்க் கழிவுப் பருத்தி மலிவு. ஆனால் ஒருமுறை நனைந்தால் தானாக உலராது. தீப்பிடித்தால் சுடர் இல்லாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், அது இன்னும் ஆபத்து. ஓட்டுநர் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒலி தடுக்கும் கனத்த திரையாகத் தைத்துக்கொள்ள நல்லது. சணலும் அப்படியே. வெட்டிவேர்த் தட்டி குளிர் தரும் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அது நீர் ஆவியாவதால் வரும் குளிர்ச்சி. வறண்ட ஊர்களில் அற்புதம், கடற்கரைப் புழுக்கத்தில் ஈரத்தைக் கூட்டும்.

## எதைத் தேர்ந்தாலும் உடன் வரும் செலவுகள்

இன்சுலேஷனுக்கு முன் கூரைக்கு வெள்ளை அடியுங்கள். வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு தகட்டின் வெப்பத்தைக் குறைக்கும் அளவுக்கு, அதே பணத்தில் எந்த நாரும் குறைக்காது. நிறம் பதிவுச் சான்றில் இருப்பதால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அடுத்தது கண்ணாடி. நேர் வெயில் படும் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி வழியே 500 வாட்டுக்கு மேல் உள்ளே வரும். இன்சுலேஷன் செய்த மொத்தக் கூரையும் விடுவது அதைவிடக் குறைவு. கண்ணாடிகளுக்கு வெளிப்புற மறைப்பு தைக்காமல் சுவருக்குள் விலை உயர்ந்த பொருளை அடைப்பது வீண். கூரையில் காற்றாடித் துளையும் வேண்டும்.

வேலை தொடங்கும்போது தகட்டை முழுமையாகச் சுரண்டி, துரு எடுத்து, ப்ரைமர் அடிக்க வேண்டும். டிங்கரிங் பட்டறைக்குத் தனிக் கூலி இது. கதவின் அடியிலும் விலாச் சட்டங்களின் அடியிலும் உள்ள நீர் வடியும் துளைகளை எந்த நாரும் அடைக்கக் கூடாது. சட்டங்களின் உட்குழிகளை நிரப்பாமல் விட்டுவிடுவதே நல்லது. மின்கம்பிகள் அனைத்தும் குழாய்க்குள் போக வேண்டும். எலி நுழையக்கூடிய துளைகளுக்கு எஃகு வலை. எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே உள்ள ஈக்கோ போன்ற வண்டிகளில் எஞ்சின் மூடிக்கும் புகைபோக்கிக்கும் அருகே இந்த நார்கள் எதுவுமே கூடாது; அங்கே எரியாத கனிமத் தடுப்புதான் சரி.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை போடுவதற்கு முன்பே அனுமதியை விசாரியுங்கள். உட்புறப் பொருள்கள் தீப்பற்றும் வேகத்துக்கு ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. விற்பவரிடம் அந்தச் சோதனைச் சான்று உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை.

## யாருக்கு எது

ஏசி இல்லாமல், வார இறுதியில் மாமல்லபுரம், புதுச்சேரி என்று கடற்கரையோரம் தங்குபவர் கூரையில் மட்டும் நன்றாகப் பணம் போடட்டும். அலசிய தென்னை நார் விரிப்பு 25 மில்லிமீட்டர் போதும். சுவரை மெல்லியதாக விடுங்கள். ஏசி இல்லாத வண்டியில் தடித்த சுவர் பகலில் சேர்ந்த வெப்பத்தை இரவில் வெளியேற விடாது; கடற்காற்று வரும் நேரத்தில் உள்ளே மட்டும் புழுங்கும்.

இரவெல்லாம் ஏசி ஓட்டும் வசதி உள்ளவருக்குச் சுற்றிலும் இன்சுலேஷன் தேவை. பணம் இடம்கொடுத்தால் முழுவதும் கார்க். இடம்கொடுக்காவிட்டால், நான் பரிந்துரைப்பது கலவை: கூரைத் தகட்டில் ஒட்டிய 6 முதல் 10 மில்லிமீட்டர் கார்க், அதன்கீழ் 20 மில்லிமீட்டர் நார் விரிப்பு, சுவருக்கு நார், தரைக்குக் கார்க். வெப்பத் தகட்டிலிருந்து நாரைக் கார்க் பிரித்துவிடுகிறது, நார் செலவைக் குறைக்கிறது. சென்னை வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே பொருந்தும் என்பது என் துணிபு.

மலைக்காகவே கட்டும் வண்டிக்குக் கம்பளி. சென்னையில் நிறுத்தும் நாட்களில் ஜன்னலைத் திறந்து காற்றாட விடும் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

ஈக்கோ போன்ற சிறு வண்டியில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் தலையில் இடிக்கும். அங்கே இயற்கைப் பொருள் என்றால் மெல்லிய கார்க் ஒன்றுதான். 15 மில்லிமீட்டருக்குள் கூடிய அளவு வெப்பத்தைத் தடுத்தே ஆக வேண்டும் என்றால் பாலிஐசோசயனுரேட் என்ற செயற்கை நுரைப்பலகை இவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேலை செய்யும். அதை மறைப்பது வாசகருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரு சாண் துண்டு கேட்டு வாங்குங்கள். அதை ஒரு வாரம் குளியலறையில் தொங்கவிட்டுப் பூஞ்சைப் புள்ளி வருகிறதா என்று பாருங்கள். பிறகு வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் ஒரு பகல் வைத்து, மாலையில் கதவைத் திறந்ததும் என்ன வாடை வருகிறது என்று முகருங்கள். கடைசியாக ஒரு சிறு கிள்ளலை வெட்டவெளியில் இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். குச்சியை விலக்கியதும் அணைகிறதா, ஓடுகிறதா என்பது உடனே தெரியும். மூன்றில் எதில் தோற்றாலும் அந்தச் சரக்கை விட்டு அடுத்த விற்பனையாளரிடம் போங்கள்.